கே.ஜி.கண்டிகை, நல்ல மண், எண் 7

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை, காலை 6.40. திருத்தணி ரயில் நிலையம். மூடுபனி. எதிர் நடைமேடையின் ஒன்பது விளக்குகளில் நான்குதான் கண்ணுக்குத் தெரிந்தன. காற்று இல்லை. எங்கள் கோவில்பட்டியில் மார்கழியிலும் காணாத குளிர்.

என் தோளில் ஒரு பை. கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி, அதற்குள் சென்னையில் வாங்கிய பனிக்கட்டி. திருத்தணியில் ஐஸ் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் முன்கூட்டியே வாங்கினேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஐஸ் விற்கும் கடைகள் மூன்று கண்ணில் பட்டன.

செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. நடைமேடை பெஞ்சுகளில் ஊர் திரும்பக் காத்திருந்தவர்களில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் மட்டும் இருபத்திரண்டு. ஆட்டோக்காரர் என் தூக்குவாளியைப் பார்த்தார், என் நரைத்த தலையைப் பார்த்தார், முடிவு செய்துவிட்டார்.

"பால் அபிஷேகமா பெரிசு? ஏறு. லேட்டானா பால் திரிஞ்சிடும்."

"இது பால் இல்லை."

"பன்னீரா?"

"ஐஸ்."

அவர் வண்டியை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "முருகனுக்கு ஐஸ் வெக்கறதுக்கு ஊர்ல எத்தினியோ வழி கீது. வாளில எடுத்துகினு வந்த ஆளு நீதான்."

நான் வந்தது மலைக்கு அல்ல. மண்ணுக்கு.

எனக்கு வயது எழுபத்து மூன்று. கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்தவன். பயறுச் செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகு போலவும் மிளகு போலவும் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகிறது. அப்படிப்பட்ட பாக்டீரியாவை வேரிலிருந்து பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து வைப்பது என் வேலையாக இருந்தது. பணிக்காலத்தில் நான் பிரித்தெடுத்தவை அறுபத்து மூன்று. இன்று உயிரோடு இருப்பது ஒன்று. 1994இல் கே.ஜி.கண்டிகையிலிருந்து எடுத்த ஏழாம் எண்.

வீட்டுக் குளிர்பெட்டியில் அதன் நகல்கள் நான்கு வைத்திருந்தேன். சென்ற மழையில் இரண்டு நாள் மின்சாரம் நின்றது, பெட்டியும் சேர்ந்து நின்றது, நான்கும் செத்தன. நல்ல வேளையாக அதற்கு முன்பே ஒரு குழாயை வடக்கே ஒரு நகரத்திலுள்ள நுண்ணுயிர்க் காப்பகத்துக்கு அனுப்பியிருந்தேன். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அது எனக்குப் பின்னும் வாழும். அவர்கள் ஏற்கவில்லை.

அங்கே பொறுப்பில் இருப்பவர் இளம்பெண். மரியாதையானவர். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "ஐயா, குழாயோடு வந்த உங்கள் அட்டையில் செம்மண் என்று இருக்கிறது. அந்தப் பகுதிச் செம்மண் லேசான புளிப்பு. உங்கள் குழாயில் இருப்பதோ நல்ல காரத்தன்மையில் செழித்து வளர்கிறது. இது அந்த மண்ணிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. எப்போதோ கலப்படம் ஆகியிருக்கிறது, அல்லது குழாய் மாறியிருக்கிறது. மேலும் அட்டையில் உள்ள பேரினப் பெயரும் இப்போது செல்லாது."

பெயர் செல்லாதாம். நான் படித்த காலத்தில் முடிச்சில் இருப்பதெல்லாம் ரைசோபியம். எந்தச் செடியின் வேரில் குடியேறுகிறதோ அந்தச் செடியின் பெயரால் கூட்டம் பிரித்தார்கள்: பட்டாணிக் கூட்டம், அவரைக் கூட்டம், சோயாக் கூட்டம். எதிலும் சேராததை எல்லாம் தட்டைப்பயறுக் கூட்டம் என்று ஒரே மூட்டையில் போட்டுக் கட்டினார்கள். பிறகு மெதுவாக வளர்பவற்றைத் தனிக்குடித்தனம் வைத்துப் பிராடிரைசோபியம் என்றார்கள். கிரேக்க மொழியில் பிராடி என்றால் மெதுவான என்று பொருள். மூன்று எழுத்தை இனிஷியல் போல முன்னால் ஒட்டியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றட்டும். குழாய் மாறிவிட்டது என்று சொன்னதுதான் பொறுக்கவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அறுபத்திரண்டு தடவை என் கையால் புதுக் குழாய்க்கு மாற்றியிருக்கிறேன். ஒரு தடவையும் கை தவறியதில்லை.

அதே இடத்து வேர்முடிச்சும் மண்ணும் மாத முடிவுக்குள் வந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வராவிட்டால் குழாயைக் கொதிநீராவியில் வைத்து அழிப்பார்கள். அது விதி. முழங்காலைக் காட்டி மகள் வேண்டாம் என்றாள். மருத்துவர் வேண்டாம் என்றார். இருவர் சொன்னதால் கிளம்பினேன்.

செவ்வாய் முழுவதும் அறை தேடுவதில் போயிற்று. ஆறு விடுதிகளில் இடமில்லை. ஏழாவதில் இருந்தவர், "தனியா வந்த வயசானவங்களுக்கு ரூம் தர்றதில்ல" என்று ஆரம்பித்தார். என் ஓய்வூதியப் புத்தகத்தைக் காட்டி, சாகும் உத்தேசம் இப்போது இல்லை என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சாவியைத் தந்தார். "மலைக்கு எப்போ போறீங்க?" என்றார். போகவில்லை என்றேன். அவர் சாவியைத் திரும்ப வாங்கிவிடுவாரோ என்று ஒரு கணம் பயந்தேன்.

இரவு உணவு நான்கு இட்லி. சட்னியின் முதல் விரல் நாக்கில் பட்டதும் ஆந்திரம் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்தது. எங்கள் ஊரில் சட்னி இட்லிக்குத் துணை. இங்கே அது இட்லிக்கு எதிரி.

புதன்கிழமை காலை பஸ். நடத்துனரிடம், "கண்டிகை ஒன்று" என்றேன். டிக்கெட் கிழித்தார். பதினான்காவது நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். அது கண்டிகைதான், ஆனால் வேறு கண்டிகை. என் நினைவிலிருந்த ஆலமரமும் இல்லை, டீக்கடையும் இல்லை, ஒரு நாய் மட்டும் இருந்தது. ஐம்பது நிமிடம் கழித்து அதே பஸ் திரும்பி வந்தது, அதே நடத்துனருடன்.

"கண்டிகைன்னா எந்தக் கண்டிகை சார்? இந்தப் பக்கம் பாதி ஊரு கண்டிகைதான். கே.ஜி.ன்னு மொதல்லயே சொல்லணும்ல?"

"பெயரைச் சொன்னால் போதாதா?"

"இனிஷியல் இல்லாம யாரைத் தேடுவ? எங்க டெப்போல ஒன்பது குமார் இருக்கான்."

பேரினம் முன்னால், சிற்றினம் பின்னால் என்று மாணவர்களுக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தவன் நான். பேரினத்தை மட்டும் சொல்லி டிக்கெட் வாங்கியிருக்கிறேன்.

கே.ஜி.கண்டிகையில் டீக்கடை இருந்தது. இடம் மாறவில்லை, பெஞ்சுதான் இரும்பாகியிருந்தது. என் பழைய குறிப்பேட்டில் முனிரத்தினம் என்ற பெயர் இருக்கிறது. அவர் வயலிலிருந்து வந்த செடியில்தான் ஏழாம் எண் கிடைத்தது. கேட்டேன்.

"எந்த முனிரத்தினம்?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். "போர்வெல் முனிரத்தினமா, பால்கார முனிரத்தினமா, ஆந்திராவுல பொண்ணு கட்டுன முனிரத்தினமா?"

எனக்குத் தெரியவில்லை. "காராமணி போடுகிறவர்" என்றேன். எங்கள் பக்கத்துத் தட்டைப்பயறு இங்கே காராமணி. அந்தச் சொல் மட்டும் நினைவிருந்தது.

"அப்போ ஆந்திரா முனிரத்தினம்." போன் போட்டார். பத்து நிமிடத்தில் ஒரு மொபெட் வந்தது. மெலிந்த, உயரமான மனிதர். அறுபத்தைந்து இருக்கும். என்னை அவருக்கு நினைவில்லை, ஆனால் சம்பவம் நினைவிருந்தது.

"வேரு கேட்டுகினு வந்த சாரா? பயறு வேணாம், வேரு மட்டும் குடுன்னு கேட்டீங்களே! ஒரு மாசம் ஊரே சிரிச்சிது சார். அன்னிக்கி நான் ஏர் ஓட்டிகினு இருந்தேன். எம் பொண்டாட்டிதான் புடுங்கி எடுத்துகினு வந்தா."

"எந்த வயலிலிருந்து?"

"இதான், ரோட்டோரம். நமக்கு வேற எங்க கீது?"

ரோட்டோரம் செம்மண். நிலக்கடலைக்கு ஊடாக ஐந்து வரிசை காராமணி. முழங்காலை மடக்க முடியாததால் கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து பத்துச் செடிகளைக் களைக்கொட்டால் தோண்டினேன். வேரை நீரில் அலசி முடிச்சுகளை எண்ணினேன். பத்துச் செடியிலும் சேர்த்து நாற்பத்தொன்று. பிளேடால் வெட்டிப் பார்த்தேன். உயிரோடு வேலை செய்யும் முடிச்சு உள்ளே சிவப்பாக இருக்கும். பெரும்பாலும் வெள்ளை. மண்ணை நீரில் கரைத்து நிறத்தாளை நனைத்தேன். புளிப்பு. தயங்காமல், தெளிவாக, புளிப்பு.

இந்த ஊரில் காரம் சட்னியில்தான் இருக்கிறது, மண்ணில் இல்லை.

முனிரத்தினம் என் முகத்தைப் பார்த்து, "இன்னா சார், பூச்சி இல்லியா?" என்றார்.

"பூச்சி இல்லை, பாக்டீரியா."

"அதான் சார், கண்ணுக்குத் தெரியாத பூச்சி. நாங்க மருந்து அடிச்சித் தொரத்தறோம், நீங்க ஐஸ் வெச்சித் தேடறீங்க."

மாலையில் விடுதியிலிருந்து காப்பகத்துக்குப் பேசினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார். "ஐயா, நான் சொன்னதைத்தான் நீங்களும் அளந்திருக்கிறீர்கள். சிரமப்படாமல் ஊர் திரும்புங்கள்" என்றார். அவர் குரலில் இரக்கம் இருந்தது. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். இரக்கப்பட்டதால் தூக்கம் வரவில்லை. வியாழக்கிழமை என்று ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அதில் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

வியாழன் காலை, சரியான கண்டிகைக்கு, இனிஷியலுடன் டிக்கெட் வாங்கிப் போனேன். அதே நடத்துனர் எழுந்து நின்று டிக்கெட் தந்தார். முனிரத்தினத்தின் வீட்டில் அவர் மனைவி சுகுணா இருந்தார். முந்தின நாள் நகரியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாராம். பிறந்த ஊர் கடப்பாவுக்கு அந்தப் பக்கம்.

"பாவா, சாருக்கு டீ போடறேன், பாலு வாங்கினு வா" என்று கணவரைத் துரத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "நாந்தான் சார் செடி குடுத்தேன். வேரை வாய்க்கால்ல நல்லா கழுவி, வாழை நார்ல கட்டிக் குடுத்தேன். படிச்சவங்க கையில சேறு ஆகக் கூடாதுன்னு."

அதுதான் வினை. கழுவிய வேரில் மண் இல்லை. அன்று நான் டீக்கடை பெஞ்சை விட்டு எழவும் இல்லை. புதுச் செருப்பு கடித்திருந்தது, மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"அப்போது எந்த மண் என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதினேன்." குறிப்பேட்டை விரித்துப் படித்தேன். "கே.ஜி.கண்டிகை. காராமணி. நல்ல மண். எண் ஏழு."

"ஆங், நல்ல மண்ணுதான்."

"நல்ல மண் என்றால் வளமான மண். ரோட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் சிவப்பு. அதனால் அட்டையில் வளமான செம்மண் என்று எழுதினேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பால் பாக்கெட்டோடு உள்ளே வந்த முனிரத்தினம், "இன்னாடி ஆச்சி?" என்றார்.

"பாவா, சாரு நல்ல மண்ணை நல்ல மண்ணுன்னு எழுதிகினு போயிட்டாரு!"

முனிரத்தினம் பால் பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் விளங்கவில்லை.

"சார்," என்றார் சுகுணா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க தெலுங்குல நல்லன்னா கறுப்பு. அப்போ நான் இங்க வாக்கப்பட்டு ஆறு மாசம். தமிழ் எங்க வரும் எனக்கு? நீங்க மண்ணு இன்னான்னு கேட்டீங்க, கறுப்பு மண்ணுன்னு சொன்னேன். நல்ல மண்ணு."

"இவளுக்கு அது பெரிய ரோதனை சார்," என்றார் முனிரத்தினம். "நல்லெண்ணெய் வாங்கினு வான்னா, கறுப்பு எண்ணெய் எதுக்கு, வண்டிக்கான்னு கேட்டா. நல்ல பாம்பு வந்துச்சின்னா கறுப்புப் பாம்பைத் தேடுவா."

"அதெல்லாம் வுடு. நான் வந்த மறுநாள் பக்கத்து வூட்டுக்காரங்க எல்லாம் வந்து என் தாடையைப் புடிச்சி, 'நல்ல பொண்ணு, நல்ல பொண்ணு'ன்னு சொன்னாங்க சார். கறுப்புப் பொண்ணு, கறுப்புப் பொண்ணுன்னு சொல்றாங்கன்னு மூணு நாள் அழுதேன். இவரு பக்கத்துல நின்னுகினு, 'ஆங், ஆங்'னு தலையாட்டறாரு!"

நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்றேன். அடுப்பில் டீத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. "அந்தக் கறுப்பு மண் எங்கே?" என்றேன்.

"ஏரிக்குக் கீழ சார். மதகாண்ட எங்க நைனா வாங்கிக் குடுத்தது, பத்து சென்ட்டு. இவருக்கு அது வயலாவே தெரியாது. நான்தான் காராமணி போட்டுகினு இருக்கேன், வருஷா வருஷம்."

ரோட்டிலிருந்து அந்த இடத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு காலடி. அன்று செருப்பு கடித்ததால் நான் நடக்காத நானூற்றுப் பன்னிரண்டு. நானூறாவது அடியில் செருப்பின் கீழே மண் ஒட்டியது, அடுத்த அடியில் இன்னும் கனத்தது. குனிந்து பார்க்கும் முன்பே காலுக்குத் தெரிந்துவிட்டது. கரிசலில் பிறந்த கால். நாற்பது வயது வரை இந்தப் பிசுக்கில்தான் நடந்தேன். அந்த மண்ணை எடுத்தேன், ஈரமாக, கறுப்பாக, விரலில் உருட்டினால் உருளும். புட்டியிலிருந்து நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டேன். சுண்ணாம்புள்ள மண் பொங்கும். பொங்கியது, சோடா போல, சத்தத்தோடு. நிறத்தாள் பச்சை தாண்டி நீலம் போயிற்று. நல்ல காரம்.

பத்துச் செடி. முடிச்சுகள் இருநூற்று அறுபத்து மூன்று. நான் இரண்டு முறை எண்ணினேன். சுகுணா தனியாக, தெலுங்கில், ஒரு முறை எண்ணினார். அதே எண். இருபதை வெட்டினோம். பத்தொன்பது சிவப்பு.

"ரத்தமாட்டம் கீது," என்றார் முனிரத்தினம். இப்போது அவரும் சிரிக்கவில்லை.

வேர்களைக் கழுவாமல், மண்ணோடு, தூக்குவாளியில் அன்று காலை வாங்கிய ஐஸ் மேல் வைத்தேன். கழுவ வாய்க்காலுக்குக் கிளம்பிய சுகுணாவை நான் கத்தி நிறுத்தியது பக்கத்து வயல் வரை கேட்டிருக்கும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இந்தத் தடவை சேறோட எடுத்துகினு போங்க" என்றார்.

விடுதியைக் காலி செய்தபோது மேலாளர் கடைசியாக ஒரு முறை கேட்டார். "ரயிலுக்கு ரெண்டு மணி நேரம் இருக்குது சார். மலைக்குப் போயிட்டு வந்துடலாமே? முன்னூத்தி அறுவத்தஞ்சு படி, ஒரு நாளைக்கு ஒண்ணு." படிகள் முன்னூற்று அறுபத்தைந்து என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் எண்ணவில்லை. ஆகவே என் கணக்கில் அதை எழுதவும் மாட்டேன். பார்க்காத மண்ணுக்கு நிறம் எழுதியதன் பலனை இப்போதுதான் அனுபவித்து முடித்தேன்.

"திருத்தணி வந்து மலை ஏறாம போற மொத ஆளு நீங்கதான்" என்றார்.

"எத்தனை பேரைக் கேட்டீர்கள்?" என்றேன். அவரிடம் கணக்கு இல்லை.

ரயிலில் எதிரில் இருந்த அம்மாள், மலையிலிருந்து பாலைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்று என் வாளியைப் பார்த்து அரக்கோணம் வரை அறிவுரை சொன்னார். நான் மறுக்கவில்லை. மூடியைத் திறந்து காட்டினால் ஐஸ் கரையும்.

அரக்கோணத்தில் ஐஸ் மாற்றினேன், சென்னையில் மாற்றினேன். அங்கிருந்தே மண்ணையும் வேரையும் காப்பகத்துக்கு அனுப்பினேன். சனிக்கிழமை சேர்ந்துவிட்டது. முப்பத்தொன்றாம் தேதிக்கு ஆறு நாள் மிச்சம்.

பிப்ரவரி 18 காலை அந்தப் பெண் அழைத்தார். "ஐயா, புது முடிச்சிலிருந்து வந்ததும் உங்கள் குழாயில் இருப்பதும் ஒன்றே. கலப்படம் இல்லை. குழாய் மாறவில்லை." பிறகு, "அட்டைதான் தவறு" என்றார். ஆமாம், அட்டைதான் தவறு. அவர்கள் பாக்டீரியாவைக் குற்றம் சொன்னார்கள், நான் அவர்களைக் குற்றம் சொன்னேன். குற்றவாளி என் கையெழுத்தில் இருந்தது.

திருத்திய அட்டையில் பேரினம் என்ற இடத்தில் அவர்கள் சொன்ன புதுப் பெயரை எழுதினேன். மண் என்ற இடத்தில் 'நல்ல மண். தெலுங்கில் கறுப்பு' என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் நிறம் மட்டும்தான் எழுதலாம், மற்றதை எடுத்துவிடுங்கள் என்று அட்டை திரும்பி வந்தது. அப்படியே மீண்டும் அனுப்பினேன். இரண்டாம் முறையும் திரும்பி வந்தது. மூன்றாம் முறை, மண் கட்டத்தைத் தொடாமல் அனுப்பியபோது, மாதிரி சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரை அடித்துவிட்டு, சுகுணா, கே.ஜி.கண்டிகை என்று சேர்த்து எழுதினேன். அது திரும்பி வரவில்லை. ஏழாம் எண்ணுக்குக் காப்பகத்தின் நிரந்தர எண் வந்தது.

என்ன செலவாயிற்று என்று மகள் கேட்டாள். ஒரு சொல்லைத் திருத்த ஐயாயிரத்து நூற்றுப் பதினெட்டு ரூபாய். சுகுணா போட்ட டீ அதில் சேரவில்லை. அதை நான் குடிக்கவில்லை.